இருளாண்டியின் ஒன்பது ஆடுகள்

மலாக்கா மாநிலத் தமிழாசிரியர்கள் இனிமேல் தங்கள் பாடங்களை இணையத்தில் பகிர்ந்துகொள்ளப் போகிறார்கள் என்பதை அறிவிக்க, மலாக்கா டவுனில் மண்டபம் பிடித்து, குத்துவிளக்கேற்றி, காலையில் தொடங்கிச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசினார்கள். 1998ஆம் வருடம் அது. மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் இணையத்தைக் கண்ணால் கண்டதில்லை. அதனால் விழாவுக்கு ஒரு குறையும் வரவில்லை. சிறப்பு விருந்தினர் மௌஸைக் கையில் தூக்கி, டிவி ரிமோட்டைப் போலத் திரைக்கு நேரே நீட்டி அழுத்தினார். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். புகைப்படக்காரருக்காக அவர் இன்னொரு தடவையும் அழுத்தினார்.

திட்டத்துக்குப் பெயர் 'தமிழாசிரியர் பாட வங்கி'. தலைவர் திருச்செல்வம் சார், டவுனில் பெரிய தமிழ்ப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர். அவருக்குக் கீழே துணைத்தலைவர்கள், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர், மகளிர் பொறுப்பாளர் என்று ஒரு கல்யாண வீட்டுக்கு வேண்டிய ஆள் இருந்தார்கள். கணினி தட்டத் தெரிந்தவர் ஒருவரும் கிடைத்தார். செயலவையில் இடம் போதாததால் அவரை மட்டும் வெளியே வைத்துக்கொண்டார்கள்.

"கொடுப்போம், பெறுவோம்! இதுதான் நம்ம தாரக மந்திரம்!" என்று திருச்செல்வம் சார் ஒலிபெருக்கியில் முழங்கினார். "ஒரு ஆசிரியர்கிட்ட இருக்கிறது எல்லா ஆசிரியருக்கும் சொந்தம்!"

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த புனிதா அதை நம்பிவிட்டாள். அந்த மண்டபத்தில் அதை நம்பிய ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சொன்னவரை அந்தக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

புனிதா, லூபோக் சீனா என்ற சிற்றூருக்கு உள்ளே செம்பனைக் காட்டு நடுவில் இருந்த எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. வருடக் கடைசியில் வேலை போகும். பள்ளி திறந்ததும் திரும்பி வரும். இப்படியே அந்தத் தற்காலிகம் ஐந்து வருடமாக நிரந்தரமாய் நடந்துகொண்டிருந்தது. மக்தாப் என்று எல்லாரும் சொல்கிற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு இரண்டு தடவை மனுப் போட்டாள். இரண்டு தடவையும் நேர்முகத் தேர்வில் கழித்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு தடவை போகலாம். அதற்கப்புறம் வயது வரம்பு தாண்டிவிடும், பாக்டரி பஸ்தான். விடியுமுன் எஸ்டேட் முச்சந்தியில் வந்து நின்று, அவள் வயதுப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும் பஸ் அது. பாக்டரி வேலையை அவள் கேவலமாக நினைத்தவள் இல்லை. ஆனால் வகுப்பறையை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை.

அவளிடம் சொத்து என்று இருந்தது கணக்குகள் மட்டும்தான். பாடநூலில் முகிலன் என்றொருவன் எப்போதும் ஆப்பிள் வாங்கிக்கொண்டே இருப்பான். நாற்பத்தெட்டு ஆப்பிள், எழுபத்திரண்டு ஆப்பிள் என்று வாங்குவான். ஆறு நண்பர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுப்பான். ஒருநாள் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "டீச்சர், அவ்ளோ ஆப்பிள் வாங்கறதுக்கு அவன் என்ன தவுக்கே மகனா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தவுக்கே என்கிற பெரிய முதலாளி வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது கட்டும். மறுநாள் புனிதா முகிலனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். 'இருளாண்டியிடம் 36 ஆடுகள் இருந்தன' என்று கரும்பலகையில் எழுதியதும், தூங்கிக்கொண்டிருந்த வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. இருளாண்டியை எல்லாருக்கும் தெரியும். செம்பனைக் குலை வெட்டுகிறவர். லயத்து வீட்டு வரிசையின் இந்தக் கோடியில் அவர் தும்மினால் அந்தக் கோடியில் கேட்கும்.

இருளாண்டியிடம் ஓர் ஆடுகூடக் கிடையாது. ஒரே ஒரு தடவை, புனிதா இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, லூபோக் சீனாவில் ஒரு குட்டி வாங்கிவந்தார். கம்பி வேலியில் மாட்டி வலது காது கிழிந்த குட்டி. அதே வாரம் புதுச் செம்பனைக் கன்று நட்டிருக்கிறார்கள், எஸ்டேட்டில் ஆடு மாடு கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டார். மற்றவர்கள் வருடக்கணக்கில் வளர்த்த ஆடு மாடெல்லாம் போன அந்த வாரத்தில், ஒரு குட்டிக்காக யார் அழப்போகிறார்கள்? இருளாண்டி அதைப் பக்கத்து மலாய்க் கிராமமான கம்போங்கில், பாக்சிக் என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு பெரியவரிடம் கொடுத்துவிட்டு, வெறும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்து வந்தார். அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. கயிறு மட்டும் சமையலறை ஆணியில் இன்னும் தொங்கியது.

அதனால்தான் மகள் கணக்கில் அவருக்கு முப்பத்தாறு ஆடு கொடுத்தாள். ஒவ்வொரு தாளிலும் ஆடுகளை அவளே வரைந்தாள். எந்தக் கூட்டத்திலும் ஒன்றுக்குக் காது கிழிந்திருக்கும்.

சாயங்காலம் வேலை விட்டு வந்து குளித்துவிட்டு, கறுப்புக் காப்பியோடு உட்கார்ந்ததும் இருளாண்டி கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

"இன்னிக்கி எத்தன?"

"நூத்தி இருவதுப்பா. அஞ்சு பட்டில சமமா அடைச்சிருக்கீங்க."

"பட்டிக்கு இருவத்தி நாலா? நெருக்கமா இருக்குமே. ஆறு பட்டியாப் போடு, தாயி."

பெருக்கல் வந்த நாளில் மனிதர் மீசையைத் தடவிக்கொள்வார். கழித்தல் வந்தால் முகம் சுருங்கும். அதனால் கழித்தலில் ஆடுகள் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டன, தங்கச்சி மகள் கல்யாணத்துக்குச் சீராகப் போயின, நல்ல விலைக்கு விற்றன. ஒன்றுகூடச் சாகவில்லை. அப்படி ஒரு கணக்கைப் புனிதா எழுதியதே இல்லை.

இந்தக் கணக்குகளைத்தான் அவள் பாட வங்கிக்குக் கொடுத்தாள். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு. ஒருவர் தட்டியது இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் சனிக்கிழமை தோறும் கையால் எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி மஸ்ஜித் தானா என்ற பக்கத்து ஊருக்குப் போவாள். அங்கே தினேஷ்வரனின் சைபர் கஃபேயில் ஒரு ஸ்கேனர் இருந்தது. தாளைப் படமாகப் பிடித்து அவன் ஏற்றிக் கொடுப்பான்.

"அக்கா, ஒங்க வங்கில பேங்க் மேனேஜர் போட்டோ எறங்கவே பாதி மணி நேரம் ஆவுதுலா," என்பான்.

பக்கத்தைத் திறந்ததும் முதலில் வருவது திருச்செல்வம் சாரின் வண்ணப்படம். தலைமுடியிலிருந்து ஆரம்பித்து மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மூக்கு வரும்போது பெரும்பாலும் தொலைபேசித் தொடர்பு அறுந்துவிடும். மீண்டும் தலைமுடி. முகம் முழுதாய் வந்தபின், தலைவர் வாழ்த்துரை, துணைத்தலைவர்கள் வாழ்த்துரை, செயலாளர் நன்றியுரை எல்லாவற்றையும் தாண்டிப் போனால் ஒரு மூலையில் 'பாடங்கள்' என்றிருக்கும்.

மற்ற ஆசிரியர்கள் கொடுத்ததையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பள்ளி தன் பள்ளிப்பாடலைக் கொடுத்தது. இன்னொன்று போன வருட விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரலைக் கொடுத்தது. ஒருவர் காலஞ்சென்ற மாமனாருக்கு எழுதிய இரங்கற்பாவை 'மொழிப்பாடம்' என்ற தலைப்பில் ஏற்றியிருந்தார். ஆறாம் வகுப்புச் சோதனையில் பக்கத்துப் பள்ளி நம்மை முந்திவிட்டால் என்ன ஆவது என்ற கவலை எல்லாருக்கும். நல்ல கேள்வித்தாள்களை அவர்கள் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, 'கொடுப்போம் பெறுவோம்' என்று மற்றவர்கள் கொடுப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

ஒருத்தி மட்டும் வேறு மாதிரி இருந்தாள். செர்காமிலிருந்து திலகவதி என்ற ஆசிரியை மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். 'டீச்சர், உங்கள் இருளாண்டியின் ஆடுகள் எங்கள் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டன. இங்கே கடலோரம் ஆடு குறைச்சல், மீன்தான். அதனால் எங்கள் ஊர் மீன்காரர் தம்புசாமியை அனுப்புகிறேன். ஓர் ஆட்டுக்குப் பதினைந்து கிலோ மீன் என்று இரண்டு பேரும் மாற்றிக்கொள்ளட்டும். எடை அளவைப் பாடத்துக்கு உதவும்.' கூடவே அவள் வரைந்த கூடை கூடையான மீன்கள்.

புனிதாவுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. பகிர்வது என்றால் இதுதானே என்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாரம் தவறாமல் கணக்குகள் மாற்றிக்கொண்டார்கள். ஒருத்தி ஆரம்பித்த கணக்கை மற்றவள் வளர்த்தாள். ஒருத்தி விட்ட பிழையை மற்றவள் திருத்தினாள். தலைவரின் மூக்குக்குக் கீழே இப்படி ஒன்று நடப்பது செயலவைக்குத் தெரியவே தெரியாது.

"யாரது தம்புசாமி?" என்று இருளாண்டி விசாரித்தார். "நாணயமான ஆளா? மீனு ஐஸ் வெச்சதா, அன்னன்னிக்குப் புடிச்சதா?"

"அன்னன்னிக்குப் புடிச்சதுதான்ப்பா."

"அப்பச் சரி. நம்மளும் நல்ல ஆடா அனுப்பு. நோஞ்சானத் தள்ளி விட்டுறாத."

கொடுப்பதில் இத்தனை யோசித்த ஆசிரியப் பெருமக்கள், எடுப்பதில் யோசிக்கவில்லை. நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பயிற்சித்தாள் கையில் கிடைத்தாலும், அதன் தலைப்பகுதியில் நம் பள்ளிப் பெயரை எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி நகலெடுக்காவிட்டால் தூக்கம் வராது. புனிதாவின் தாள்களும் அப்படித்தான் பள்ளி பள்ளியாகப் போயின. ஒரு பள்ளி ஒட்டிய பெயர்மேல் இன்னொரு பள்ளி ஒட்டியது, அதன்மேல் மற்றொன்று. 'ஆக்கம்: புனிதா' என்று அவள் மூலையில் எழுதியிருந்தது முதல் ஒட்டிலேயே காணாமல் போனது. உள்ளே யாரும் கை வைக்கவில்லை. பக்கத்துக்குப் பத்துத் தடவை வரும் பெயரை யார் உட்கார்ந்து அழிப்பது? வேலை மெனக்கெட்ட காரியம். ஆக, மலாக்கா மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றிலும் ஆசிரியர் பெயர் மாறியது. ஆட்டுக்காரர் பெயர் மாறவில்லை.

புனிதாவுக்கு வருத்தம் இருந்தது. இல்லாமல் எப்படி இருக்கும்? ஆனால் அப்பாவின் சந்தோஷத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள். பங்குனி உத்திரத்துக்கு டவுன் கோயிலுக்குப் போனபோது யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட, முன்பின் தெரியாத பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டன.

"தாத்தா, நீங்கதான் ஆட்டு இருளாண்டியா?"

"ஆமாலா! நானேதான்!" என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். அன்று அவர் முருகனைக் கும்பிட்டாரோ என்னவோ, முருகன் அவரைக் கவனித்திருப்பார்.

மறு வருடம் திருச்செல்வம் சார் புத்தகம் போட்டார். 'வெற்றிக் கணிதம்'. கெட்டி அட்டை, பின்பக்கத்தில் அதே வண்ணப்படம். பாட வங்கிப் பக்கத்தை அவர் ஒருநாளும் திறந்து பார்த்தவரில்லை. எங்கேயோ ஒரு பள்ளியில், மூன்று ஒட்டு வாங்கிய நகல் கட்டு ஒன்று அவர் கையில் சிக்கியது. ஒட்டியிருந்த மூன்று பெயரில் எதுவும் மதிக்கத்தக்க பெயராக அவருக்குப் படவில்லை. கிளார்க்கைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னார். ஆடுகளை ஓர் ஓவியர் அப்படியே மேலே தாள் வைத்து இழுத்தார், கிழிந்த காது உட்பட. எழுத்தாளராகத் தன் பங்குக்கும் ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா? கணிதத்திலும் நன்னெறிப் பண்பு புகட்ட வேண்டும் என்று கல்வி அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. பேனாவை எடுத்து ஒரே ஒரு வரியைத் திருத்தினார்.

'இருளாண்டியிடம் 36 ஆடுகள் இருந்தன. அவற்றுள் 9 ஆடுகள் நோயுற்று இறந்தன. மீதம் எத்தனை? நன்னெறிப் பண்பு: துன்பத்தில் கலங்காமை.'

அந்த வருட ஆடித் திருவிழாவில் ஒரு சிறுமி இருளாண்டியிடம் வந்து, "தாத்தா, ஒங்க ஆடு ஒம்போது செத்துப் போச்சாமே. எங்க புக்குல இருக்கு," என்று துக்கம் விசாரித்தது.

இருளாண்டி வீட்டுக்கு வந்து காப்பியைத் தொடவில்லை. புனிதா கேட்டுக் கேட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"ஒம்போது போச்சாம். ஒங்கிட்ட யாராச்சும் சொன்னாங்களா?"

"யாருப்பா சொன்னது? அது நான் எழுதல!"

"புக்குல அச்சுல வந்துருச்சாம் தாயி. அச்சுல வந்தா அப்புறம் என்னா?" ஆணியில் தொங்கிய கயிற்றைப் பார்த்தார். "தம்புசாமிக்குச் சொல்லிரு. மீனுக்குப் பதிலு ஆடு அனுப்ப முடியாது போலருக்குன்னு."

சிரிக்க வேண்டிய பேச்சு. புனிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பெயரைத் திருடினார்கள், பொறுத்துக்கொண்டாள். மேனேஜர் ஓர் ஆட்டைப் பறித்ததற்கு ஈடாகக் காகிதத்தில் முப்பத்தாறு கொடுத்து வைத்திருந்தாள். அதில் ஒன்பதைக் கொன்றுவிட்டு, கலங்காதே என்று புத்தி வேறு சொல்கிறான் ஒருவன். அன்றிலிருந்து இருளாண்டி சாயங்காலம் எத்தனை என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

செயலவைக்கு மின்னஞ்சல் போட்டாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 'பாட வங்கியில் இட்டவை அனைவருக்கும் சொந்தம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் தமிழார்வத்துக்கு நன்றி.' கீழே பெயர் இல்லை, 'செயலவை' என்று மட்டும் இருந்தது. இப்படிப்பட்ட பதில்களை எழுதுவதற்கென்றே செயலவை என்ற ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அதே மாதம் மக்தாப் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. கடைசித் தடவை. தங்கள் கற்பித்தலுக்குச் சான்றாகத் தயாரித்த பாடப்பொருள்களைக் கொண்டுவர வேண்டும் என்றிருந்தது. எஸ்டேட் பள்ளித் தலைமையாசிரியர் சாமிக்கண்ணு நல்ல மனிதர், பயந்த மனிதர்.

"ஆட்டுக் கணக்க மட்டும் எடுத்துட்டுப் போவாதம்மா," என்றார். "திருச்செல்வம் சார் புக்கு எல்லா ஆபீஸ் மேசைலயும் இருக்கு. நீதான் காப்பியடிச்சேன்னு சொல்லிட்டா? அதோட முடிஞ்சு போச்சு ஒன் கத."

"வேற என்னாங்கய்யா இருக்கு எங்கிட்ட கொண்டு போவ?"

சாமிக்கண்ணு யோசித்துப் பார்த்தார். விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரல் ஒன்றுதான் அவர் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. புனிதா மூலத்தாள்கள் அடங்கிய ஃபைலைப் பையில் வைத்துக்கொண்டு மலாக்காவுக்குப் பஸ் ஏறினாள்.

அறைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் ரொக்கியா அம்மையார், மலாயில் புவான் ரொக்கியா, தலைமை அதிகாரி, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தவர். இடது பக்கம் ஒருவர், பேனாவைத் தவிர வேறெதையும் அசைக்காதவர். வலது பக்கம், தமிழ்ப் பகுதிக்கு ஆலோசகராகத் திருச்செல்வம் சார். அவருக்கு அவளைத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இதுவரை நேர்ந்ததில்லை.

பேச்செல்லாம் மலாயில். முதல் கேள்விகள் ஒழுங்காகவே போயின. பிறகு புவான் ரொக்கியா ஃபைலைத் திறந்தார். தமிழ் அவருக்குப் படிக்க வராது. ஆனாலும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓர் இடத்தில் கை நின்றது.

"இந்த ஆட்டை நான் பார்த்திருக்கிறேன்," என்றார். மேசை மூலையில் இருந்த 'வெற்றிக் கணித'த்தை இழுத்து விரித்தார். கூட்டத்தில் ஓர் ஆடு, வலது காது கிழிந்தது. ஃபைலிலும் அதே ஆடு, அதே காது. "திருச்செல்வம், இது உங்களுடையது இல்லையா?"

திருச்செல்வம் சார் எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. உடனே பெருந்தன்மையாக மாறியது.

"என்னுடையதுதான் புவான். இப்போதெல்லாம் இணையம் வந்துவிட்டது. இளம் பிள்ளைகள் எடுத்துத் தங்கள் கையெழுத்தில் எழுதிக்கொள்கிறார்கள். சின்னப் பெண், பெரிதுபடுத்த வேண்டாம். நான் மன்னித்துவிடுகிறேன்."

பேனாக்காரர் ஏதோ குறித்தார். அந்தப் பேனா காகிதத்தில் ஓடிய சத்தம் புனிதாவுக்குப் பாக்டரி பஸ் வந்து நின்ற சத்தமாகக் கேட்டது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். அப்போது மேசையில் விரிந்து கிடந்த புத்தகத்தில் அந்த ஒன்பது கண்ணில் பட்டது. எழுந்திருக்கவில்லை.

"புவான், சாரிடம் ஒன்று கேட்கலாமா? இந்த ஆட்டுக்காரர் யார்?"

"கேள்வி நியாயம்தான்," என்றார் புவான் ரொக்கியா.

திருச்செல்வம் சாருக்கு இந்தக் கேள்வி இனித்தது. புத்தக வெளியீட்டில் பேசிப் பழகிய கேள்வி. "அது ஒரு கற்பனைப் பாத்திரம். எஸ்டேட் மக்களின் வாழ்க்கையைப் பல காலம் கூர்ந்து கவனித்து, நானே உருவாக்கினேன்."

"பெயர்?"

"இருளாண்டி," என்றார் பெருமையோடு. பேனாக்காரர் எழுதத் தடுமாறியதைப் பார்த்து, எழுத்து எழுத்தாகவும் சொல்லிக் கொடுத்தார்.

பேனாக்காரர் எழுதி முடித்தார். எழுதியதைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த புனிதாவின் அடையாள அட்டையைப் பார்த்தார். இந்த நாட்டில் யாரும் தனியாக நடமாட முடியாது; இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் (மலாயில் 'அனாக் பெரெம்புவான்') என்று அப்பா பெயரும் அட்டையில் கூடவே வரும். பேனாக்காரர் அட்டையைப் புவான் ரொக்கியா பக்கம் நகர்த்தினார். அவர் சங்கிலிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாய்விட்டுப் படித்தார்.

"புனிதா, அனாக் பெரெம்புவான் இருளாண்டி."

திருச்செல்வம் சார் கைக்குட்டையை எடுத்தார்.

"ஒரே பெயரில் நிறையப் பேர் இருப்பார்கள் புவான். எங்கள் ஆட்களிடம் சகஜமான பெயர்."

"அப்படியா? உங்கள் பள்ளியில் எத்தனை இருளாண்டி?"

திருச்செல்வம் சார் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். ஒரு விஷயத்தை அவர் அவ்வளவு கடுமையாக யோசித்து நெடுநாள் ஆகியிருக்கும்.

புவான் ரொக்கியா அவளிடம் திரும்பினார். "உன் அப்பாவிடம் உண்மையில் எத்தனை ஆடு?"

"ஒன்றுகூட இல்லை புவான். ஒன்று இருந்தது, ஒரு வாரம். காது கிழிந்தது. எஸ்டேட்டில் கூடாதென்று சொன்னார்கள், கொடுத்துவிட்டார்." ஃபைலில் இருந்த ஆட்டைத் தொட்டுக் காட்டினாள். "அதனால் கணக்கில் கொடுத்தேன். என் கணக்கில் ஆடு விற்கும், சீராகப் போகும், மீனுக்கு மாறும். சாகாது. சாரின் புத்தகத்தில்தான் ஒன்பது செத்துவிட்டது. எங்கள் அப்பா அதைக் கேட்டதிலிருந்து சரியாகவே இல்லை."

புவான் ரொக்கியா வலப்பக்கம் திரும்பினார். "ஏன் கொன்றீர்கள்?"

"நன்னெறிப் பண்பு புவான்," என்றார் திருச்செல்வம் சார், கைக்குட்டைக்குள்ளிருந்து. "துன்பத்தில் கலங்காமை."

"நல்ல பண்பு. இப்போது உங்களுக்கு உதவும்."

பேனாக்காரர் தான் முன்பு குறித்ததை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார். புவான் ரொக்கியா ஃபைலை மூடி, இரண்டு கையாலும் புனிதாவிடம் நீட்டினார். முடிவைச் சொல்வது வழக்கமில்லை, கடிதம் வரும் என்றார். அவள் கதவருகே போனதும், "இன்னொன்று," என்று கூப்பிட்டார். "மக்தாப் விடுதியில் ஆடு வளர்க்க அனுமதி இல்லை. அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்."

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். கடிதம் வந்தது, புனிதாவுக்கு இடம் கிடைத்தது. 'வெற்றிக் கணித'த்துக்குத் திருத்திய பதிப்பு வந்தது. அதில் ஆட்டுக்காரர் பெயர் முகிலன். பாட வங்கிச் செயலவை அவசரக் கூட்டம் போட்டு, இனிமேல் பயிற்சித்தாள்களில் உண்மையான மனிதர்களின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. 'நம் பாட வங்கி உருவாக்கிய ஆசிரியை' என்று புனிதாவுக்குப் பொன்னாடையும் போர்த்தியது. போர்த்தியவர் திருச்செல்வம் சார்தான். அவர் துன்பத்தில் கலங்காதவர் என்பதை அன்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கடைசி வரிசையிலிருந்து திலகவதி மட்டும் விசிலடித்தாள். அது வாழ்த்தா வேறு ஏதாவதா என்று செயலவைக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஆனால் நேர்முகம் முடிந்த அன்று சாயங்காலம் புனிதாவுக்கு இதெல்லாம் தெரியாது. லூபோக் சீனாவில் பஸ் இறங்கி, செம்பனைக்குள் செம்மண் பாதையில் நடந்து வீடு சேர்ந்தபோது இருளாண்டி காப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னா சொன்னாங்க?"

"கடுதாசி வருமாம்ப்பா."

"ம்." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

புனிதா பையை இறக்கி வைத்துவிட்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "எத்தனன்னு கேக்க மாட்டீங்களா?"

"என்னத்தக் கேக்கறது. இருவத்தேழுதான."

"முப்பத்தாறு."

இருளாண்டி நிமிர்ந்து பார்த்தார்.

"சத்தியமாப்பா. பெரிய ஆபீசுல வெச்சுக் கேட்டுட்டாங்க. செத்ததுன்னு சொன்னது பொய்யி. ஒம்போதும் திரும்பி வந்துருச்சு."

அவர் காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். சமையலறை ஆணிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, லயத்தில் வேறு யாருக்கும் கேட்காதபடி கேட்டார்.

"காது கிழிஞ்சதுமா?"

"அதுதான்ப்பா மொதல்ல வந்துச்சு."